தெளிவான படம் வேறு, துல்லியமான வரைபடம் வேறு

நிலவிலிருந்து மண்ணையும் பாறைத் துகள்களையும் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கான மதிப்பீடு ரூ.2,104 கோடி. ஜப்பானுடன் இணைந்து நிலவின் தென்துருவப் பகுதியை ஆராயும் சந்திரயான்-5 திட்டமும் 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. இத்திட்டங்கள் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் ராக்கெட்டின் திறன், கலனின் எடை, செலவு ஆகிய மூன்றைச் சுற்றியே நடக்கிறது. இந்தக் கலன்கள் இறங்கப்போகும் நிலத்தின் வரைபடம் எந்த அளவுக்குச் சரியானது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. இனிவரும் நிலவுப் பயணங்களின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கேள்விகளுள் அதுவும் ஒன்று என்பது என் கருத்து.

சந்திரயான்-2 சுற்றுகலன் 2019 ஆகஸ்ட் முதல் நிலவைச் சுற்றிவருகிறது. அதிலுள்ள உயர் பிரிதிறன் கேமரா எடுக்கும் படத்தில் ஒரு பிக்ஸல், அதாவது ஒரு படப்புள்ளி, தரையில் 25 முதல் 30 செ.மீ. வரையிலான இடத்தைக் குறிக்கிறது. சாப்பாட்டு மேசை அளவுள்ள ஒரு பாறையை 100 கி.மீ. உயரத்திலிருந்து அதனால் காட்ட முடியும். அப்போலோ 11 இறங்கிய இடத்தையும், நம் சந்திரயான்-3 நின்றிருக்கும் இடத்தையும் அது படம்பிடித்திருக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய சாதனை இது. ஆனால், பாறை தெளிவாகத் தெரிவது ஒன்று. அந்தப் பாறை நிலவின் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்வது மற்றொன்று. முன்னது தெளிவு, பின்னது துல்லியம். தெளிவை நல்ல கேமரா தந்துவிடும். துல்லியத்தைக் கேமராவால் மட்டும் தர முடியாது.

நிலத் தகராறு எதையாவது அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். புலப்படத்தில் கோடுகள் எவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்டிருந்தாலும், எல்லைக்கல் பெயர்ந்துபோயிருந்தால் அளவையர் வேறொரு நிலையான கல்லைத் தேடிச் சென்று அங்கிருந்துதான் அளந்து வர வேண்டும். நிலவில் அத்தகைய கற்கள் மிகச் சிலவே உள்ளன.

பிழை எங்கிருந்து வருகிறது?

சுற்றுகலன்களில் பொருத்தப்படும் வரைபடக் கேமராக்கள் பெரும்பாலும் கைபேசிக் கேமராவைப் போல ஒரு காட்சியை ஒரே கணத்தில் பதிவுசெய்வதில்லை. ஒரு வரியாக அடுக்கப்பட்ட உணரிகள், கலன் நகர நகரத் தரையை வரிவரியாகப் பதிவுசெய்கின்றன. தறியில் இழை இழையாகத் துணி வளர்வதைப் போலப் படம் வளர்கிறது. ஒவ்வொரு வரியும் பதிவான கணத்தில் கலன் எங்கே இருந்தது, கேமரா எந்தத் திசையை நோக்கியிருந்தது, கடிகாரம் என்ன காட்டியது ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் அந்த வரியை நிலவின் மீது உரிய இடத்தில் பொருத்த முடியும்.

இந்த மூன்றில் எது சற்றே பிசகினாலும் விளைவு பெரிது. கலன் 100 கி.மீ. உயரத்தில் இருக்கும்போது, கேமரா நோக்கும் திசையை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு தவறாகக் கணித்துவிட்டால், தரையில் உள்ள பள்ளம் ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளிப்போய்விடும். கலனின் கடிகாரத்தில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விலகும். படத்தின் கூர்மை 25 செ.மீ.யாக இருந்தாலும், அந்தப் படம் முழுவதும் ஒரு வீட்டுமனையின் நீளத்துக்கு இடம் மாறி உட்கார்ந்திருக்கக்கூடும். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த விலகல் தெரியவே தெரியாது.

கலன் எங்கே இருக்கிறது என்பதை அறிவதும் எளிதன்று. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஜி.பி.எஸ். துணை உண்டு, நிலவைச் சுற்றும் கலனுக்கு அது கிடையாது. நிலவின் மறுபக்கத்துக்குச் சென்றுவிட்டால் பூமியிலிருந்து நேரடியாக அதைக் கண்காணிக்கவும் முடியாது. போதாக்குறைக்கு நிலவின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அதன் கருஞ்சமவெளிகள் பலவற்றின் அடியில் அடர்த்தி மிகுந்த பாறைத் திரள்கள் உள்ளன. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் கலனின் பாதை சிறிது இழுபடுகிறது.

கலனுக்குள்ளேயே நிகழும் அதிர்வு இன்னொரு சிக்கல். செவ்வாயைச் சுற்றிவரும் நாசாவின் எம்.ஆர்.ஓ. கலனில் உள்ள ஹைரைஸ் கேமரா இதற்கு ஒரு தீர்வு கண்டது. அதில் 14 உணரிச் சில்லுகள் சற்று முன்பின்னாகவும் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படியும் அடுக்கப்பட்டுள்ளன. அடுத்தடுத்த இரு சில்லுகள் ஒரே தரையைச் சற்றே வெவ்வேறு கணங்களில் பார்க்கின்றன. இரண்டும் காட்டும் படத்தில் வேறுபாடு இருந்தால், இடைப்பட்ட கணத்தில் கலன் எவ்வளவு நடுங்கியது என்பதைக் கணித்துப் படத்தைத் திருத்திவிடலாம்.

இந்தியாவுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 2008 அக்டோபரில் ஏவப்பட்ட சந்திரயான்-1, சில மாதங்களிலேயே தன் விண்மீன் உணரிகளை இழந்தது. விண்மீன்களைப் பார்த்துத் தான் எத்திசையில் நோக்குகிறோம் என்பதை அறியும் கருவிகள் அவை. சுழல்மானிகளைக் கொண்டு இஸ்ரோ சமாளித்தது. கலனின் உயரமும் 100 கி.மீ.யிலிருந்து 200 கி.மீ.க்கு உயர்த்தப்பட்டது. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டறிந்து புகழ்பெற்ற நாசாவின் கனிம வரைவுக் கருவி அந்தக் கலனில்தான் இருந்தது. அது எடுத்த படங்களுக்கு உரிய இடத்தைக் குறிக்க, வேறொரு கலனின் லேசர் உயரத் தரவோடு அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. கருவி பழுதின்றி இருந்தும், அது பார்த்த இடத்தை உறுதிசெய்ய இரவல் அளவுகோல் தேவைப்பட்டது.

எதை நம்பி அளப்பது?

அந்த அளவுகோல் நாசாவின் எல்.ஆர்.ஓ. சுற்றுகலனில் உள்ள லோலா என்னும் லேசர் உயரமானி. 2009 ஜூனில் ஏவப்பட்ட அக்கலன், ஐந்து லேசர் கதிர்களை நிலவை நோக்கி விட்டுவிட்டுச் செலுத்தி, அவை திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தரையின் உயரத்தை அளக்கிறது. இதுவரை பல நூறு கோடி அளவுகள் சேர்ந்துள்ளன. கேமராவுக்குச் சூரிய ஒளி வேண்டும். லேசருக்கு அது தேவையில்லை. சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும் துருவப் பகுதிகளில், நீண்ட நிழல்கள் கேமராவின் கண்ணை மறைக்கும் இடங்களில், லேசர் அளவு இன்றியமையாதது.

2012இல் நாசாவின் கிரெயில் இரட்டைக் கலன்கள் நிலவின் ஈர்ப்புப் புலத்தை நுட்பமாக அளந்த பிறகு, எல்.ஆர்.ஓ.வின் பாதையை மேலும் சரியாகக் கணிக்க முடிந்தது. அதன் பயனாக ஏற்கெனவே எடுத்துவைத்த படங்களும் மேலும் சரியான இடத்தில் அமர்ந்தன. லோலா அளவுகளையும் ஜப்பானின் ககுயா கலன் எடுத்த இரட்டைக்கோணப் படங்களையும் இணைத்து உருவாக்கப்பட்ட உயர வரைபடம், நிலவின் 60 பாகை வடக்கு முதல் 60 பாகை தெற்கு வரையிலான பரப்பை 3 முதல் 4 மீட்டர் உயரத் துல்லியத்தோடு காட்டுகிறது. ஒருவர் அளந்த ஈர்ப்பு, இன்னொருவர் அளந்த உயரம், மூன்றாமவர் எடுத்த படம் ஆகியவை ஒன்றையொன்று திருத்தும்போதுதான் வரைபடத்தின் துல்லியம் கூடுகிறது.

இவை அனைத்துக்கும் அடித்தளமாக நிலவில் சில நிலையான புள்ளிகள் உள்ளன. அப்போலோ 11, 14, 15 பயணங்களும் சோவியத்தின் இரு லுனோகோத் ஊர்திகளும் அங்கு விட்டுவந்த லேசர் எதிரொளிப்பான்களே அவை. லுனோகோத்-1 ஊர்தியின் தொடர்பு 1971இல் அறுந்தது. அதன் எதிரொளிப்பானை நோக்கிப் பூமியிலிருந்து லேசரைச் செலுத்தித் தேடியவர்களுக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பதில் கிடைக்கவில்லை. 2010இல் எல்.ஆர்.ஓ. படத்தில் அந்த ஊர்தி தென்பட்டது. புதிய இடக் குறிப்பைக் கொண்டு அந்த ஆண்டு ஏப்ரலில் லேசரைச் செலுத்தியபோது எதிரொளி திரும்பி வந்தது. அதுவரை தேடிய இடம் பல கிலோமீட்டர் தள்ளியிருந்தது. எதிரொளிப்பான் பழுதின்றி அங்கேயேதான் இருந்திருக்கிறது. பிழை அதன் முகவரியில் இருந்தது.

இந்த வரிசையில் இந்தியாவுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. சந்திரயான்-3இன் விக்ரம் சுமந்துசென்ற நாசாவின் சிறிய எதிரொளிப்பானிலிருந்து 2023 டிசம்பர் 12 அன்று லோலாவின் லேசர் ஒளி திரும்பி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கருவிக்கு மின்சாரம் தேவையில்லை. விக்ரமும் பிரக்யானும் உறங்கிவிட்ட பிறகும், தென்துருவப் பகுதியில் ஓர் எல்லைக்கல்லாக அது பல்லாண்டுகள் பயன்படும்.

இறங்கும்போது என்ன நடக்கிறது?

இந்தத் துல்லியத்தின் பயன் தரையிறங்கும்போதுதான் கண்கூடாகத் தெரிகிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்க ஒதுக்கப்பட்டிருந்த பரப்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர். அதன் தோல்விக்கு இயந்திரங்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது, கலனைத் திருப்பும் வேகத்துக்கு மென்பொருளில் இருந்த வரம்பு, மிகச் சிறிய இலக்குப் பரப்பு ஆகியவை காரணங்கள் என்று இஸ்ரோவின் அப்போதைய தலைவர் எஸ்.சோமநாத் பின்னர் விளக்கினார். சந்திரயான்-3இல் அந்தப் பரப்பு 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக விரிக்கப்பட்டது. அது அறிவார்ந்த முடிவு. ஆனால், சந்திரயான்-2 சுற்றுகலன் அந்தப் பகுதியை முன்னதாகவே விரிவாகப் படம்பிடித்துவைத்திருந்ததும் அந்த முடிவுக்குத் துணைநின்றது. துருவத்தை மேலும் நெருங்கினால் அவ்வளவு பெரிய சமதளம் கிடைப்பது கடினம். பள்ளங்களின் விளிம்பிலும் மேட்டு முகடுகளிலும்தான் வெளிச்சமும் தகவல் தொடர்பும் ஒருங்கே கிடைக்கும். அங்கு இலக்கு சுருங்கும். வரைபடத்தில் பிழைக்கான இடமும் சுருங்கும்.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியபோது, கீழே தெரிந்த காட்சியைத் தன் நினைவகத்தில் இருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே கண்டறிந்தது. அந்த வரைபடத்தை, எம்.ஆர்.ஓ. கலனின் படங்களிலிருந்து அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் வரைபடவியலாளர்கள் உருவாக்கினார்கள். செவ்வாய்க்கான லேசர் உயரத் தரவின் கிடைமட்டத் துல்லியமே ஏறத்தாழ 100 மீட்டர்தான் என்னும் நிலையில், வெவ்வேறு கேமராக்களின் படங்களை ஒன்றோடொன்று பிசகின்றிப் பொருத்துவதே அவர்களுடைய பணியின் கடினமான பகுதியாக இருந்தது. 2024 ஜனவரியில் ஜப்பானின் ஸ்லிம் கலன், நிலவின் பள்ளங்களைத் தன் வரைபடத்தோடு ஒப்பிட்டபடியே இறங்கி, இலக்கிலிருந்து 55 மீட்டர் தொலைவில் தரைதொட்டது. கடைசிக் கட்டத்தில் ஓர் இயந்திரம் பழுதடையாமல் இருந்திருந்தால் இன்னும் அருகில் இறங்கியிருக்கும்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2023 ஏப்ரலில் ஐஸ்பேஸ் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கலன் ஒரு பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது, கீழே தரை ஏறத்தாழ 3 கி.மீ. சட்டென்று தாழ்ந்தது. உயரமானி அதைச் சரியாகவே அளந்தது. ஆனால், இத்தகைய பெரிய மாற்றம் நிகழாது என்று கருதிய மென்பொருள், உயரமானி பழுதடைந்துவிட்டதாக முடிவுசெய்து அதன் அளவைப் புறக்கணித்தது. தரையிலிருந்து சுமார் 5 கி.மீ. உயரத்தில் இருந்துகொண்டே தரையைத் தொட்டுவிட்டதாக நம்பிய கலன், எரிபொருள் தீர்ந்து விழுந்து நொறுங்கியது. இறங்குமிடம் பிந்தைய கட்டத்தில் மாற்றப்பட்டதும், புதிய வழித்தடத்தின் நிலவமைப்பு ஒத்திகைகளில் போதிய அளவு சேர்க்கப்படாததும் காரணங்கள் என அந்நிறுவனமே அறிவித்தது. வரைபடம் இருப்பது மட்டும் போதாது. கலனின் மென்பொருளை எழுதுபவரின் மேசைக்கும் அது வந்து சேர வேண்டும்.

யார் திருத்துவது?

2019இல் விழுந்த விக்ரமின் சிதைவுகளை எல்.ஆர்.ஓ. படங்களில் கண்டுபிடித்தவர், சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். விபத்துக்கு முன்பும் பின்பும் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றியிருந்த ஒரு வெண்புள்ளியை அவர் சுட்டிக்காட்டினார். நாசா அதை ஆராய்ந்து உறுதிப்படுத்தி, 2019 டிசம்பரில் அவருக்கு உரிய பெருமையையும் அளித்தது. அவருடைய பொறுமை பாராட்டத்தக்கது. அந்தப் பொறுமை பலனளித்ததற்கு இரு காரணங்கள் உண்டு: படங்கள் எல்லோருக்கும் திறந்திருந்தன, அவை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவுக்குச் சரியாகப் பொருத்தப்பட்டும் இருந்தன. எல்.ஆர்.ஓ. தரவு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பொதுவெளிக்கு வருகிறது. அதைக் கையாளும் மென்பொருள்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உலகெங்கும் உள்ள மாணவர்களும் ஆர்வலர்களும் அவற்றைப் பயன்படுத்திப் பிழைகளைச் சுட்டிக்காட்டுகிறார்கள். துல்லியம் கூடுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இஸ்ரோவும் சந்திரயான்-2 தரவுகளைத் தன் ‘பிரதான்’ இணையதளத்தின் வழியே பொதுவில் வைத்திருக்கிறது. விண்வெளி ஆய்வுத் தரவுகளை உரிய காலத்தில் பகிர்ந்துகொள்ள வலியுறுத்தும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் இந்தியா 2023 ஜூனில் கையெழுத்திட்டிருக்கிறது. இந்தத் திசையில் இன்னும் விரைந்து செல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எல்.ஆர்.ஓ.வின் வரைபடம் இலவசமாகக் கிடைக்கும்போது நாம் ஏன் தனியே மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எல்.ஆர்.ஓ. 2009இல் ஏவப்பட்ட கலன். அது என்றென்றும் இயங்கப்போவதில்லை. தவிர, ஓர் அளவைச் சரிபார்க்க மற்றோர் அளவு வேண்டும் என்பது அளவையியலின் அரிச்சுவடி. தரையிறங்கு கலனிலேயே பாறைகளைக் கண்டு விலகும் கேமரா இருக்கிறதே என்ற மறுமொழியும் எழலாம். சந்திரயான்-3 சுமார் 150 மீட்டர் உயரத்தில் நிதானித்துத் தரையை ஆராய்ந்த பிறகே இறங்கியது உண்மை. ஆனால், அந்தக் கேமரா கடைசிச் சில நிமிடங்களுக்கான துணை. அதுவரை கலனைச் சரியான இடத்துக்கு மேலே அழைத்துவருவது வரைபடம்தான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, காலம். ஓராண்டுப் பணிக்காக வடிவமைக்கப்பட்ட சந்திரயான்-2 சுற்றுகலன் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இயங்கக்கூடும் என்று 2019இல் இஸ்ரோ கணித்தது. நிலவை வரைவதற்கு நம்மிடம் வேறு கேமரா இப்போது இல்லை. எஞ்சியுள்ள நாட்களில், எதிர்காலத்தில் இறங்க வாய்ப்புள்ள இடங்களை இரு கோணங்களிலும், சூரியன் வெவ்வேறு திசைகளில் இருக்கும் பொழுதுகளிலும் படம்பிடிப்பதற்கு முன்னுரிமை தர வேண்டும்.

இரண்டாவது, இதுவரை எடுத்த படங்கள் அனைத்தையும் ஒரே கட்டுப்பாட்டு வலையமைப்பில் பிணைக்க வேண்டும். விக்ரமின் எதிரொளிப்பான் அந்த வலையின் முடிச்சுகளுள் ஒன்றாகட்டும். வெளியிடப்படும் ஒவ்வொரு வரைபடத்திலும் கிடைமட்டப் பிழை எவ்வளவு, உயரப் பிழை எவ்வளவு என்று அச்சிட்டிருக்க வேண்டும். கலனின் பாதை, கேமராவின் நோக்குத் திசை, கேமராவின் அளவீட்டு மாதிரி ஆகியவையும், அவற்றில் பின்னர் செய்யப்படும் திருத்தங்களும் படங்களோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். இவை இல்லாத படம் பார்வைக்கு உதவும், அளப்பதற்கு உதவாது.

மூன்றாவது, சந்திரயான்-1இல் லேசர் உயரமானி ஒன்று இருந்தது. சந்திரயான்-2 சுற்றுகலனில் அது இல்லை. அடுத்த சுற்றுகலனில் கூர்மையான கேமராவும் லேசர் உயரமானியும் ஒன்றாகச் செல்ல வேண்டும்.

நான்காவது, ஆட்கள். 1794இல் சென்னைக் கோட்டையருகே தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே சங்கிலியால் அளந்த அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியத் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது. இமயம் வரை நீண்ட அந்தப் பணி பல பத்தாண்டுகள் நடந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் பிழையைத் திருத்தியது. அந்த மரபைக் கொண்ட நாட்டில் கோள்களை அளக்கும் கல்வி ஒரு விருப்பப்பாடமாக ஒதுங்கிக் கிடக்கலாகாது. தொலையுணர்வும் புவித்தகவலியலும் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்குச் சந்திரயான் படங்களைத் திருத்தும் பணியை உரிய நிதியோடு பகிர்ந்தளிக்கலாம். பெரும் தொழிற்கூடங்கள் இதற்குத் தேவையில்லை. கணினிகளும் கணிதம் அறிந்த இளைஞர்களும் நீண்டகால ஆதரவும் இருந்தால் போதும்.

வரைபடத்தைத் திருத்தும் பணிக்கு நேரலை கிடையாது, கைதட்டலும் கிடைக்காது. பத்து மீட்டர் பிழை இரண்டு மீட்டராகக் குறைந்த நாளை எந்தத் தலைப்புச் செய்தியும் அறிவிக்காது. ஆயினும், நிலவிலிருந்து மண் எடுத்துத் திரும்ப வேண்டிய கலன் ஒரு பள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றால், அந்த எட்டு மீட்டரின் விலை என்னவென்று நமக்குத் தெரியவரும். ரூ.2,104 கோடி மதிப்பிலான பயணத்தின் மிகச் சிறிய பகுதியே இதற்கான செலவாக இருக்கும். அதை இப்போதே ஒதுக்குவது சிக்கனம்.